விடாத இடுப்பு வலி: காரணம் கண்டுபிடிப்பது முதல் சிகிச்சை வரை முழு வழிகாட்டி

இடுப்பு வலி என்று போனால் வழக்கமாக நடப்பது இதுதான். இரண்டு நிமிடப் பேச்சு, ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை. வலி திரும்பினால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்’, அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு புடைத்திருக்கிறது, என்று இருக்கும். உடனே ஒரு பெல்ட், கூடவே ‘இனி குனியாதீங்க, கனம் தூக்காதீங்க’ என்ற ஆயுள் தண்டனை. இந்த வரிசையில் விடுபடுவது முக்கியமான ஒரு வேலை: நோயாளியைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, இது எந்த வகை வலி என்று பிரிப்பது. அதைச் செய்யாமல் எடுக்கும் ஸ்கேன் பல நேரம் ஆளைக் குழப்பத்தான் உதவும்.

வகைகள் மூன்று. முதலாவது, தசை, தசைநார், ஜவ்வு, சிறு மூட்டுகள் எல்லாம் கலந்து வரும் சாதாரண வலி. பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான். இரண்டாவது, நரம்பு வேர் அழுந்தி காலுக்கு இறங்கும் வலி, அதாவது சயாட்டிகா, அல்லது தண்டுவடக் குழாய் குறுகுவதால் வரும் வலி. மூன்றாவது, எலும்புக் காசநோய், புற்றுநோய், எலும்பு முறிவு, முதுகெலும்பு வாத நோய் போன்ற தனிக் காரணம் உள்ளவை. மூன்றாவது வகையினர் சிலரே. ஆனால் தாமதத்தால் அதிகம் இழப்பவர்கள் அவர்கள்தான்.

சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் ஆறு வாரத்தில் தணிந்துவிடும். பன்னிரண்டு வாரம் தாண்டியும் நிற்பதை நாள்பட்ட வலி என்கிறோம். இந்த வழிகாட்டி முக்கியமாக அந்த வலி உள்ளவர்களுக்கானது.

முதலில்: காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள்.

சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடம் முழுக்க, அதாவது ஆசனவாய், பிறப்புறுப்பு, உள்தொடையில், மரத்துப்போதல். சிறுநீர் முட்டியும் வராமலிருப்பது, அல்லது தெரியாமலே கசிவது. மலத்தை அடக்க முடியாமை. இரண்டு காலிலும் பலம் குறைதல். இவை தண்டுவடத்தின் அடியில் குதிரைவால் போல விரியும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள். அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்து, கூடிய சீக்கிரம் அறுவை செய்து அழுத்தத்தை நீக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் தாமதம்கூட சிறுநீர்க் கட்டுப்பாட்டை நிரந்தரமாகப் பறித்துவிடலாம். 108-ஐ அழைத்து, நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு, உதாரணமாக மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, நேராகப் போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்க்கும் கட்டம் இது இல்லை. இந்த அறிகுறிகளை நோயாளிகள் கூச்சத்தால் சொல்வதில்லை. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

பாதம் தொங்கிப்போய் செருப்பு தானாகக் கழன்று விழுவது, நாளுக்கு நாள் கால் பலம் குறைவது ஆகியவையும் அவசரமே. அறுபது வயதைத் தாண்டியவருக்கு, குறிப்பாகப் புகைப்பவருக்கு, திடீரென்று முதுகிலும் வயிற்றிலும் கடும் வலி வந்து மயக்கம் வந்தால் அது முதுகெலும்பு விஷயமாக இல்லாமல், வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கிழிவதாக இருக்கலாம்.

சில நாட்களுக்குள் பார்க்க வேண்டியவை: வலியுடன் காய்ச்சல் அல்லது மாலையில் லேசான ஜுரம், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, படுத்தாலும் குறையாமல் இரவில் அதிகமாகும் வலி, ஸ்டீராய்டு நீண்டகாலம் எடுத்தவருக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ லேசாக விழுந்த பின் வந்த வலி.

டாக்டரிடம் போகும் முன்: ஒரு பக்கத் தாள்

அரசு ஓ.பி.யோ தனியார் கிளினிக்கோ, உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். முதல் கேள்விக்கே ‘ரொம்ப நாளா வலிங்க’ என்று ஆரம்பித்தால் அந்த நேரம் போய்விடும். ஒரு வாரம் கவனித்து, ஒரே பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

வலி எங்கே? இடுப்பிலா, பிட்டத்திலா, தொடைக்குப் பின்னாலா, முழங்காலுக்குக் கீழேயா? ஒரு மனித உருவம் வரைந்து பேனாவால் நிழலிடுங்கள். முழங்காலைத் தாண்டி இறங்குகிறதா என்பது மிக முக்கியம். இடுப்பைவிடக் காலில் அதிகம் என்றால் நரம்பு வேரைச் சந்தேகிக்கலாம்.

எந்த நிலையில் கூடுகிறது? உட்கார்ந்தால், குனிந்தால், தும்மினால் காலுக்குச் சுரீரென்று பாய்ந்தால் ஜவ்வு. நூறு, இருநூறு அடி நடந்ததும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ சரியாகிவிட்டால் தண்டுவடக் குழாய் குறுகல். ‘நடக்க முடியல, ஆனா சைக்கிள் மிதிக்கிறேன்’ என்று வயதானவர் சொன்னால் அதுவே பாதி நோயறிதல். சைக்கிளில் இடுப்பு முன்னால் வளைவதால் குழாய் சற்று விரியும். கால் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலிக்கும். அதில் உட்கார வேண்டியதில்லை, நின்றாலே குறையும், சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும்.

காலையில் எழுந்ததும் எத்தனை நிமிடம் விறைப்பு? ஐந்து, பத்து நிமிடம் என்றால் பெரிய விஷயமில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் தனியாகக் கோடிட்டு வையுங்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போங்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம், குடல்புண், ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கர்ப்பம் ஆகிய விவரங்களையும் எழுதுங்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வாங்கிய பொடியோ உருண்டையோ சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். இப்படிப்பட்ட பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாயமாக வலி போய், நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பினால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, வலியால் உங்களால் செய்ய முடியாமல் போன மூன்று வேலைகள். ‘தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை’, ‘பைக்கில் அரை மணி நேரம் போக முடியவில்லை’ போல. சிகிச்சை பலிக்கிறதா என்று பின்னால் அளக்க உதவுவது இதுதான். வலிக்கு பத்துக்கு எத்தனை என்று போடும் மதிப்பெண் மனநிலையோடு ஏறி இறங்கும்.

யாரிடம் போவது?

காத்திருக்கக் கூடாத அறிகுறி இல்லையென்றால் முதலில் பொது மருத்துவரோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ போதும். காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல் இருந்தால் எலும்பு மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர். இளம் வயதில் காலை விறைப்போடு தொடங்கியது என்றால் ருமட்டாலஜிஸ்ட் என்னும் வாத நோய் மருத்துவர். பலருக்கு இப்படி ஒரு துறை இருப்பதே தெரியாது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு.

வலி எப்போதும் முதுகெலும்பிலிருந்துதான் வரும் என்றில்லை. விலாவிலிருந்து தொடைச்சந்துக்கு அலையலையாக ஓடினால் சிறுநீரகக் கல். மாதவிடாயோடு சேர்ந்து ஏறி இறங்கினால் மகப்பேறு மருத்துவர். ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், இரண்டு மூன்று நாளில் கொப்புளம் என்றால் அக்கி. தொடைச்சந்தில் வலி, சம்மணம் போட முடியவில்லை என்றால் இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுத் தேய்மானத்தை ஜவ்வு என்று நினைத்து வருடக்கணக்கில் வைத்தியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கையால் செய்யும் பரிசோதனை: என்னென்ன நடக்க வேண்டும்

முழுதாகச் செய்தாலும் பத்து நிமிடம்தான். நோயாளியே தெரிந்து வைத்திருந்தால், விடுபட்டதைக் கேட்க முடியும்.

குதிகாலால் நடக்கச் சொல்வார்கள், பிறகு நுனிக்காலால். குதிகாலில் நிற்க முடியாவிட்டால் எல்4, எல்5 நரம்பு வேர் பாதித்திருக்கலாம். நுனிக்காலில் எம்ப முடியாவிட்டால் அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 வேர். கட்டைவிரலை மேல்நோக்கி இழுக்கச் சொல்லி எதிராக அழுத்துவது எல்5-க்கான சோதனை. முழங்காலில் சுத்தியலால் தட்டுவது எல்4-ஐயும், குதிகால் தசைநாரில் தட்டுவது எஸ்1-ஐயும் காட்டும். உணர்ச்சிக்கும் வரைபடம் உண்டு: கணுக்காலின் உள்பக்கம் எல்4, பாதத்தின் மேல்புறமும் கட்டைவிரலும் எல்5, பாதத்தின் வெளியோரமும் சுண்டுவிரலும் எஸ்1.

அடுத்தது, மல்லாக்கப் படுக்க வைத்து முழங்கால் மடங்காமல் காலை மெல்லத் தூக்குவது. 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முழங்காலைத் தாண்டி இறங்கினால் நரம்பு வேர் அழுத்தம் இருக்கலாம். தொடையின் பின்புறம் மட்டும் இழுத்துப் பிடிப்பதைப் பலர் பாசிட்டிவ் என்று எண்ணிக்கொள்கிறார்கள்; அது இறுகிய தசை. வலியில்லாத காலைத் தூக்கும்போது வலியுள்ள காலில் சுரீரென்றால் ஜவ்வுப் பிதுக்கம் அநேகமாக உறுதி.

முதுகெலும்பை ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்ப்பதும் முக்கியம். குறிப்பிட்ட ஒரே இடத்தில் தட்டும்போது துள்ளினால் தொற்றோ முறிவோ கட்டியோ இருக்கலாம். இளைஞர்களுக்கு இன்னொன்று: நேராக நிற்க வைத்து, இடுப்பின் பின்புறமுள்ள இரண்டு குழிகளை இணைக்கும் கோட்டிலிருந்து 10 செ.மீ. மேலே ஒரு புள்ளி வைத்து, குனியச் சொல்வது. இடைவெளி 15 செ.மீ. அளவுக்கு விரிய வேண்டும். விரியவில்லை என்றால் முதுகு இறுகியிருக்கிறது. செலவு ஒரு டேப் மட்டும்.

எந்தச் சோதனை, எப்போது?

அபாய அறிகுறி இல்லாத வலிக்கு முதல் ஆறு வாரத்தில் எக்ஸ்ரேயும் தேவையில்லை, எம்.ஆர்.ஐ.யும் தேவையில்லை. எக்ஸ்ரேயில் ஜவ்வும் நரம்பும் தெரியாது. முறிவு, எலும்பு நழுவல், இடுப்புக்கூட்டு மூட்டு (முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் இடம்) ஆகியவற்றைப் பார்க்கத்தான் அது.

நாள்பட்ட வலிக்கு முதலில் கேட்க வேண்டியது மலிவான ரத்தப் பரிசோதனைகள்: முழு ரத்த அணுக்கள், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். ஈ.எஸ்.ஆர். மிக அதிகமாக இருந்தால் தொற்று, வாத நோய், ரத்தப் புற்று வகையான மைலோமா ஆகியவற்றைத் தேட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் முதுகு வலியோடு ரத்தசோகை, கிரியாட்டினின் உயர்வு, கால்சியம் உயர்வு சேர்ந்து இருந்தால் மைலோமாவுக்கான புரதப் பரிசோதனை அவசியம். கிரியாட்டினின் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எம்.ஆர்.ஐ. எப்போது? அபாய அறிகுறி இருந்தால் உடனே. காலுக்கு இறங்கும் வலி ஆறு வாரத்தில் குறையாமல், ஊசியோ அறுவையோ யோசிக்கும் கட்டம் வந்தால். பேஸ்மேக்கர், கண்ணில் உலோகத் துகள், காதில் பொருத்திய கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தொற்று, கட்டி சந்தேகம் என்றாலோ முன்பு அறுவை செய்திருந்தாலோ மருந்து செலுத்தி எடுக்க வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனைகளில் உள்ள தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக ஸ்கேன் மையங்களில் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. அறுவை வரை போகும் நிலை இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, கையில் இருக்கட்டும். அறுவைக்குத் தேதி குறித்த பிறகு அட்டைக்கு அலைவது பெரும்பாடு.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

பயம் இங்கேதான் உற்பத்தியாகிறது. எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான கணக்குப்படி, இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் ஜவ்வு பல்ஜ் இருந்தது. ஜவ்வுத் தேய்மானம் இருபது வயதிலேயே 37 விழுக்காடு. ஆகவே ‘பல்ஜ்’, ‘டெசிகேஷன்’ (ஜவ்வில் நீர் குறைதல்), ‘ஃபேசட் ஆர்த்ரோபதி’ (சிறு மூட்டுத் தேய்மானம்), ‘தீகல் சாக் இன்டென்டேஷன்’ (நரம்புகளைச் சுற்றிய உறையில் அழுத்தம் படுதல்) ஆகிய சொற்களைப் பார்த்ததும் வேலையை விட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை வேறு. ‘புரோட்ருஷன்’ என்றால் ஜவ்வு ஒரு பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது. ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்றால் உள்ளிருக்கும் கூழ் வெளியே வந்துவிட்டது. ‘சீக்வெஸ்ட்ரேஷன்’ என்றால் துண்டாகவே பிரிந்துவிட்டது. கேட்க மோசமாக இருக்கும் கடைசி இரண்டும்தான் உடலால் அதிகம் கரைக்கப்படுபவை. வெறும் பல்ஜ் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ‘நரம்பு வேர் கம்ப்ரஷன்’, ‘கடுமையான கனால் ஸ்டெனோசிஸ்’ (குழாய் குறுகல்) என்ற சொற்களுக்கு எடை உண்டு.

ஆனால் எந்தச் சொல்லாக இருந்தாலும் பொருத்தம் பார்க்க வேண்டும். எல்4–எல்5 ஜவ்வு வழக்கமான இடத்தில் பிதுங்கினால் அழுந்துவது எல்5 வேர். மரக்க வேண்டியது அந்தப் பக்கத்துக் கட்டைவிரல். ரிப்போர்ட் இடது எல்5 என்கிறது, உங்களுக்கு வலிப்பதோ வலது காலின் சுண்டுவிரல் ஓரம் என்றால், அந்தப் பிதுக்கம் உங்கள் வலிக்குக் காரணமில்லை. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் அறுவைக்குத் தேதி குறிக்கக் கூடாது. இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் போதாது, ஃபிலிமோ சி.டி.யோ வேண்டும்.

தவறிப்போகும் இரண்டு நோய்கள்

ஒன்று, முதுகெலும்பு வாத நோய். நாற்பது வயதுக்கு முன், மெதுவாகத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். படுத்திருந்தால் கூடும், நடமாடினால் குறையும். சாதாரண வலிக்கு நேர் எதிர். பின்னிரவில் வலி எழுப்பிவிடும், எழுந்து நடந்தால்தான் தூக்கம். பிட்ட வலி இடம், வலம் என்று மாறி மாறி வரும். கூடவே குதிகால் வலி, கண் சிவந்து வலிப்பது, சொரியாசிஸ், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் யாருக்காவது இதே நோய் இருந்தால் சந்தேகம் பலப்படும். இருபத்தைந்து வயது இளைஞன் காலையில் படுக்கையை விட்டு எழக் கைதாங்கல் தேடினால் ‘பைக் ஓட்டுறதால’ என்று தள்ளிவிடக் கூடாது.

இதற்கு இடுப்புக்கூட்டு மூட்டின் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆரம்ப வருடங்களில் அது சுத்தமாக இருக்கலாம். அப்போது அந்த மூட்டுக்கே எம்.ஆர்.ஐ. வேண்டும். வழக்கமான இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் அந்த மூட்டு சரியாக வராது என்பதால், ‘எம்.ஆர்.ஐ. நார்மல்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்நோயோடு தொடர்புடைய மரபணுவைப் பார்க்கும் எச்.எல்.ஏ.-பி27 ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்பதாலேயே நோய் உறுதியாகாது, நெகட்டிவ் என்பதால் இல்லை என்றும் ஆகாது. சிகிச்சை, டாக்டர் மேற்பார்வையில் வலியையும் அழற்சியையும் குறைக்கும் மாத்திரையை முழு அளவில் சில வாரம் எடுப்பதும் தினசரி உடற்பயிற்சியும். போதாவிட்டால், நோயெதிர்ப்பு வேலையின் ஒரு பகுதியை அடக்கும் பயோலஜிக் ஊசிகள். அவற்றுக்கு முன் மறைந்திருக்கும் காசநோய்க்குப் பரிசோதனை கட்டாயம்.

மற்றது முதுகெலும்புக் காசநோய். நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக, இருமலே இல்லாமல் இருக்கலாம். மாதக்கணக்கில் மெல்லக் கூடும் வலி, தட்டினால் ஒரே இடத்தில் நோவு, பசியின்மை, எடை குறைவு. எம்.ஆர்.ஐ.யில் பக்கத்துப் பக்கத்து இரண்டு எலும்புகளும் நடுவில் ஜவ்வும் அரிக்கப்பட்டு, அருகே சீழ் தெரியும். நரம்பு பாதித்து அவசரம் இருந்தாலொழிய, ஊசியால் மாதிரி எடுத்து சி.பி.நாட் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), திசுப் பரிசோதனை செய்த பிறகே மருந்து தொடங்குவது முறை. மாதிரி எடுக்காமல் தொடங்கினால், மருந்துக்கு மசியாத கிருமியா என்பது கடைசிவரை தெரியாது. மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். பொதுவாக 12 மாதம், தேவைப்பட்டால் கூடுதல். இரண்டாவது மாதத்தில் வலி போனதும் நிறுத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மாடு, ஆடு வளர்ப்பவர்கள், காய்ச்சாத பால் குடிப்பவர்கள் என்றால் புருசெல்லா தொற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

சாதாரண நாள்பட்ட வலிக்கு: உடற்பயிற்சியே மருந்து

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைத்தது. பெல்ட், டிராக்‌ஷன், ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து ஆகியவை வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றது. இங்கே பல பிசியோதெரபி மையங்களில் நடப்பதோ, படுக்க வைத்து கரண்ட் வைப்பதும் இழுவை போடுவதும்தான். பத்து நாள் போய்வந்து, வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடக் கற்றுத்தரப்படவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

தொடங்குவது இப்படி. ஒரு நாளைக்கு 10 நிமிடம் நடை, வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் ஐந்து நிமிடம் கூட்டி, 30 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், இப்படிப் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்த நாட்களின் இடைநிலை 208. சும்மா இருந்தவர்களுக்கு 112.

நடையோடு மூன்று பயிற்சிகள் போதும். மல்லாக்கப் படுத்து, முழங்கால் மடக்கி, பிட்டத்தை உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்துவது. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி ஐந்து விநாடி, பிறகு மறுபக்கம். அதே நிலையில் முதுகைப் பூனை போல வளைத்து நிமிர்த்துவது. ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. காலுக்கு இறங்கும் வலி உள்ளவர் குப்புறப் படுத்து முழங்கையில் எழும்பிப் பாருங்கள்: வலி காலிலிருந்து மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, தொடரலாம், இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் வலி சற்றுக் கூடும். பயிற்சிக்குப் பின் கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் அளவு சரி. வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பெரும்பாலோர் பத்தாம் நாளே ‘பிரயோஜனம் இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும் தேவையில்லை. ஸ்பெயினில் 2003-ல் வெளியான ஆய்வில் மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியே நல்ல பலன் தந்தது. தூக்கமின்மை, மனச்சோர்வு, ‘அசைந்தால் முதுகு உடைந்துவிடும்’ என்ற பயம் மூன்றும் வலியை நீட்டிப்பவை. அவற்றுக்குத் தனியாக உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாத்திரைகள்

ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், அசிக்ளோஃபெனாக் போன்றவை வலி ஏறும் நாட்களில், சாப்பிட்ட பிறகு, குறைந்த நாட்களுக்கு. வயது அறுபதைத் தாண்டியவர், குடல்புண் வந்தவர் என்றால் வயிற்றுக்கு மாத்திரையும் டாக்டர் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றைத் தாங்களாக எடுக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலிலும் கூடாது. மருந்துக்கடையில் இரண்டு வேறு பெயரில் வாங்கும் அட்டைகளில் ஒரே மருந்து இருக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

தசைத் தளர்வு மாத்திரை சில நாளைக்கு மட்டும். தூக்கம் வந்தால் வண்டி ஓட்டாதீர்கள். பிரிகாபலின் சயாட்டிகாவுக்குத் தாராளமாக எழுதப்படுகிறது. 2017-ல் வெளியான ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலாகப் பலன் தரவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல், டாக்டர் சொல்லிக் குறைக்க வேண்டும். ‘நரம்பு வைட்டமின்’ மாத்திரை, பி12 குறைபாடு உள்ளவருக்கே பயன். டிராமடால், டபென்டடால் போன்ற ஓபியாய்டு மருந்துகள் பழக்கமாகிவிடும். வாரம் தவறாமல் இடுப்பில் ஊசி போடுவது மாத்திரையைவிட மேலானது என்பது நம்பிக்கைதான். தவறான இடத்தில் குத்தினால் சயாட்டிக் நரம்பே கெடும்.

எண்ணெய் தேய்ப்பது, ஒத்தடம், இதமான பிடித்துவிடல் எல்லாம் சரி. கால்முதல் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வது, முதுகில் ‘சடக்’ என்று சொடுக்கு எடுப்பது வேண்டாம். எலும்பு தேய்ந்த பாட்டிக்கும், தொற்று அரித்த எலும்புக்கும், வாத நோயால் இறுகிய முதுகுக்கும் அது முறிவில் முடியலாம்.

ஊசி, அறுவை

தண்டுவடத்தைச் சுற்றிச் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி, காலுக்கு இறங்கும் வலிக்குச் சில வாரம் முதல் சில மாதம் வரை இடைக்கால நிவாரணம். இடுப்பு வலிக்கு மட்டும் என்றால் பயன் குறைவு. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே போட வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்கள் சர்க்கரை எகிறும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை பற்றி முன்பே சொல்ல வேண்டும்.

அறுவைக்குத் தெளிவான காரணங்கள் நான்கு: குதிரைவால் நரம்பு அழுத்தம்; கூடிக்கொண்டே போகும் பலவீனம்; ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முறையாக வைத்தியம் பார்த்தும் தாங்க முடியாத, ஸ்கேனோடு பொருந்தும் கால் வலி; நடக்கும் தூரத்தைச் சுருக்கிவிட்ட குழாய் குறுகல். நெதர்லாந்தில் 2007-ல் வெளியான ஆய்வில், சயாட்டிகாவுக்குச் சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்குக் கால் வலி விரைவில் குறைந்தது. ஒரு வருட முடிவில் காத்திருந்தவர்களும் அதே நிலையில்தான் இருந்தார்கள். தாங்கிக்கொள்ள முடிகிறது, பலம் குறையவில்லை என்றால் காத்திருப்பதில் இழப்பில்லை. தூங்கவே முடியவில்லை, வேலைக்குப் போகாமல் வீடு ஓடாது என்பவர் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

சர்ஜனிடம் கேளுங்கள்: எந்த வேர், எந்தப் பக்கம்? துண்டை மட்டும் எடுப்பதா, ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைப்பதா? இணைப்பது என்றால் எலும்பு நழுவல் இருக்கிறதா? கால் வலி குறையுமா, இடுப்பு வலி குறையுமா? துண்டெடுக்கும் அறுவை கால் வலிக்கானது. இடுப்பு வலி மிச்சமிருக்கலாம். நழுவலோ நரம்பு அழுத்தமோ இல்லாமல், தேய்மானத்துக்காக மட்டும் ஸ்க்ரூ வைக்கச் சொன்னால் இன்னொரு சர்ஜனைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆறாவது வாரம்

எந்த வழியில் போனாலும் ஆறாவது வாரம் அந்த ஒரு பக்கத் தாளோடு திரும்பப் போங்கள். எழுதி வைத்த மூன்று வேலைகளில் ஒன்றாவது திரும்பியிருந்தால், வலி மிச்சமிருந்தாலும் அதே பாதையில் இன்னும் ஆறு வாரம் தொடரலாம். ஒன்றும் மாறவில்லை என்றால் மாத்திரையை மாற்றுவதைவிட நோயறிதலைத் திரும்பப் பார்க்கச் சொல்வது உருப்படியான வேலை: ஈ.எஸ்.ஆர். எடுத்தார்களா, இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்த்தார்களா, காலை விறைப்பைக் கேட்டார்களா? இடையில் திடீரென்று வலி ஏறினால் ஒன்றிரண்டு நாள் பயிற்சியைப் பாதியாக்கி, சூட்டு ஒத்தடம் கொடுத்து, வீட்டுக்குள் அரை மணிக்கொரு தரம் எழுந்து நடந்தால் போதும். புதிதாக மரத்துப்போனாலோ சிறுநீரில் மாற்றம் தெரிந்தாலோ மட்டும் அந்தக் கணக்கு செல்லாது, அன்றே மருத்துவமனை.